வீட்டாவுக்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுகளில், இன்றும் அந்தக் கருவியிலேயே ஆட வேண்டியவை எவை?

கேள்வி: காகிதக்கப்பல்

அனைவருக்கும் வணக்கம். சோனி நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா 2011 டிசம்பரில் ஜப்பானிலும், 2012 பிப்ரவரியில் மற்ற பல நாடுகளிலும் வெளியானபோது, அதை வாங்குவதற்கு முதன்மையான காரணமாக முன்வைக்கப்பட்டவை அதற்கென்றே உருவாக்கப்பட்ட விளையாட்டுகள்தாம். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெரிய கன்சோல்களின் தரத்தில், ஆனால் வேறு எந்தக் கருவியிலும் கிடைக்காத ஆக்கங்களைக் கையில் வைத்து ஆடலாம் என்பதே அதன் ஈர்ப்பாக இருந்தது. அந்தத் தனியுரிமை இப்போது பெருமளவு கரைந்துவிட்டது. அசாசின்ஸ் கிரீட் வரிசையில் அவெலின் என்ற பெண்ணை நாயகியாகக் கொண்ட லிபரேஷன் 2014லேயே மற்ற கன்சோல்களுக்குப் போய்விட்டது. கிராவிட்டி ரஷ், பிளேஸ்டேஷன் 4க்கு மெருகேற்றப்பட்டு வந்தது. வீட்டாவின் முகமாகவே கருதப்பட்ட பெர்சோனா 4 கோல்டன் 2020இல் கணினிக்கும், 2023இல் மற்றக் கன்சோல்களுக்கும் வந்து சேர்ந்தது. கடைசியாக, 2025 ஜனவரியில் ஃப்ரீடம் வார்ஸும் புதிய பதிப்பாக வெளிவந்துவிட்டது.

நல்ல நிலையில் உள்ள வீட்டா ஒன்று அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இதன் பக்கமே வராமல் இருந்தவன் என்பதால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. விற்பனையில் முன்னின்றவற்றின் பட்டியலை நான் கேட்கவில்லை. வேறு கருவிகளுக்கு வராமலே தங்கிவிட்டவற்றில் உண்மையில் ஆடத் தகுந்தவை எவை என்பதையும், வேறு கருவிகளுக்கு வந்திருந்தாலும் வீட்டாவில் ஆடினால்தான் முழுமையாக அனுபவிக்க முடியும் என்று சொல்லத்தக்கவை எவை என்பதையும், காரணத்தோடு அறிய விரும்புகிறேன். குறிப்பாக, இந்தக் கருவியின் முதுகில் இருக்கும் தொடுபலகையைப் பற்றிப் பலரும் குறையாகவே எழுதியிருக்கிறார்கள். அதைப் பொருளோடு பயன்படுத்திய விளையாட்டு ஒன்றாவது உண்டா?

மறுமொழி: நடுநிசிவாசகன்

உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையையே முதலில் சொல்லிவிடுகிறேன். உண்டு, அதன் பெயர் டேரவே. மீடியா மாலிக்யூல் நிறுவனம் 2013 நவம்பரில் வெளியிட்ட அந்த விளையாட்டுதான், வீட்டா என்ற கருவி எதற்காக இப்படி வடிவமைக்கப்பட்டது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒரே ஆக்கம் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த உலகம் முழுவதும் காகிதத்தால் ஆனது. கடிதத்தைத் தலையாகச் சுமந்த அயோட்டா அல்லது அடோய் என்னும் தூதர், அந்தக் கடிதத்தைச் சூரியனிடம் கொண்டுசேர்க்கப் புறப்படுகிறார். அண்ணாந்து பார்த்தால், அந்தச் சூரியனின் நடுவே முன்புறக் கேமரா வழியாக உங்கள் முகமே தெரியும். அதாவது கடிதம் உங்களுக்கு வருகிறது. சில இடங்களில் தரை மெல்லிய தாளாக இருக்கும். அங்கே பின்புறத் தொடுபலகையில் விரலை வைத்து அழுத்தினால், திரைக்குள் அந்தத் தாள் கிழிந்து ஒரு விரல் மேலெழுந்து வரும். அந்த விரலால் எதிரிகளைத் தள்ளலாம், தடைகளை நகர்த்தலாம். நீங்கள் கருவியைப் பிடித்திருக்கும் விதத்தில் உங்கள் விரல்கள் உண்மையிலேயே திரைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஆகவே அந்தக் காட்சி கண்ணுக்கு மட்டுமல்லாமல் கைக்கும் மெய்யாகவே படுகிறது. முரசுத் தோல் போன்ற பரப்புகளில் தூதர் நிற்கும்போது பின்பக்கம் தட்டினால், அவர் மேலே துள்ளுவார். நிறமிழந்து நிற்கும் ஒரு கலைமானுக்கு நீங்கள் உங்களைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒன்றைப் படமெடுத்துக் கொடுக்க வேண்டும். துணியோ, மரமோ, சுவரோ, எதைப் படமெடுக்கிறீர்களோ அதுவே அந்த மானின் தோலாகிவிடும். அணில் அரசருக்கு மகுடம் வேண்டுமென்றால், திரையில் விரலால் கோடு இழுத்துத் தாளை வெட்டி நீங்களேதான் செய்ய வேண்டும். எவ்வளவு கோணலாக வெட்டினாலும் அவர் அதையே அணிந்துகொள்வார்.

இதே விளையாட்டு 2015இல் டேரவே அன்ஃபோல்டட் என்ற பெயரில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. வெறுமனே மாற்றி எடுத்துக் கொடுக்காமல், கட்டுப்படுத்தியின் விளக்கொளியை விளையாட்டுக்குள் பாய்ச்சுவது, பொருள்களைத் திரையிலிருந்து கட்டுப்படுத்திக்குள் வீசுவது என்று புதிய வழிகளை உழைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அங்கே திரை ஓரிடத்தில் இருக்கிறது, கை வேறோர் இடத்தில் இருக்கிறது. தரையைக் கிழித்துக்கொண்டு நம் விரல் வரும் அந்த ஒரு காட்சி இல்லாமல், டேரவே அழகான ஒரு தாண்டுவிளையாட்டாக மட்டுமே எஞ்சுகிறது. எனவே உங்கள் இரண்டாவது வகைக்கு, அதாவது வேறிடத்துக்கு வந்தும் வீட்டாவிலேயே ஆட வேண்டியவற்றுக்கு, இதுவே தலையாய எடுத்துக்காட்டு.

கிராவிட்டி ரஷ் சற்று வேறுபட்டது. கெயிச்சிரோ டோயாமா இயக்கத்தில் 2012இல் வந்த அந்த விளையாட்டில், நினைவை இழந்த கேட் என்ற பெண், வானில் மிதக்கும் ஒரு நகரத்தில் ஈர்ப்பு விசையின் திசையையே மாற்றிப் பறக்கிறாள். பறக்கிறாள் என்பதைவிட, தான் விரும்பிய திசையில் விழுகிறாள் என்பதே சரி. வலத்தோள் விசையை ஒருமுறை அழுத்தினால் அவள் எடையற்று மிதப்பாள். கருவியையே சாய்த்தோ திருப்பியோ குறி வைத்து, மறுமுறை அழுத்தினால் அந்தத் திசையே அவளுக்குக் கீழ் ஆகிவிடும். வீட்டா கருவியின் முதற்பதிப்பில் உள்ள ஓஎல்இடி திரையில் அந்தி நிறங்களோடு நகரம் தலைகீழாகத் திரும்பும்போது, நாமும் கையில் உள்ள சாளரத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். பிளேஸ்டேஷன் 4 பதிப்பிலும் கட்டுப்படுத்தியைச் சாய்த்துக் குறி வைக்க இயலும். படத்தின் தெளிவும் வேகமும் அங்கே கூடுதல். ஆகவே இதை வீட்டாவில்தான் ஆட வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன். ஆனால் கருவி கையிலேயே இருக்கும்போது, முதலில் அதில் ஆடிப் பாருங்கள். கதைக்காட்சிகள் சித்திரக்கதைப் பக்கங்களாக வரும்போது கருவியை அசைத்தால், கட்டங்களுக்குள் ஆழம் தெரியும். சிறிய செய்திதான் என்றாலும், அந்தக் குழு இந்தக் கருவியை எவ்வளவு நேசித்தது என்பது அதில் தெரிகிறது.

மறுமொழி: கருங்குவளை

மேலே எழுதிய நண்பரின் டேரவே விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வீட்டாவின் சிறப்பைத் தொடுபலகையையும் கேமராவையும் வைத்தே அளப்பது அந்தக் கருவியின் பாதி வரலாற்றை விட்டுவிடுவதாகும். தொடக்க ஆண்டில் வந்த பல விளையாட்டுகள், கருவியில் உள்ள ஒவ்வொரு வசதியையும் எப்படியேனும் காட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தோடு செய்யப்பட்டவை போலவே இருந்தன. பெண்ட் ஸ்டூடியோ செய்த அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ் நல்ல விளையாட்டு, அந்த வரிசையின் மற்ற மூன்று விளையாட்டுகள் 2015இல் ஒரே தொகுப்பாக மறுபடி வந்தபோதும் இது சேர்க்கப்படவில்லை, இன்றுவரை வீட்டாவை விட்டு வெளியே வரவும் இல்லை. ஆயினும் கல்வெட்டைத் தேய்த்துப் படியெடுப்பது, பொருள்களின் மீதுள்ள அழுக்கை விரலால் துடைப்பது, சண்டையின் உச்சத்தில் திரையில் அம்புக்குறி காட்டும் திசையில் விரலை இழுப்பது என்று, ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி அது நம்மை வேலை வாங்கும். ஓலையை ஒளியில் பிடித்துப் பார்க்கும் ஓர் இடத்தில், கருவியின் பின்புறக் கேமராவையே உண்மையான விளக்குக்கு நேரே காட்டச் சொல்கிறது. ஒருமுறை வியப்பாக இருக்கும். இருண்ட பேருந்தில் அமர்ந்து ஆடுபவருக்கு அது முட்டுக்கட்டை.

என் பார்வையில் வீட்டாவின் உண்மையான தனிச்செல்வம் வேட்டை விளையாட்டுகள். இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வீட்டாவுக்கு முந்தைய பிஎஸ்பி கருவியை ஜப்பானில் தூக்கி நிறுத்தியது கேப்காமின் மான்ஸ்டர் ஹண்டர். நால்வர் அருகருகே அமர்ந்து, கம்பியில்லா இணைப்பில் சேர்ந்து ஒரு பேருருவை வீழ்த்தும் அந்த ஆட்டமுறைக்காகவே அங்கே பலர் கருவி வாங்கினார்கள். வீட்டா வந்தபோது அந்த வரிசை நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்னும் போட்டிக் கையடக்கக் கருவியின் பக்கம் போய்விட்டது. 2013 செப்டம்பரில் வந்த நான்காம் பாகமும் அங்கேதான் வெளியானது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில்தான், மற்ற சூழலில் எவரும் துணிந்திருக்க முடியாத விளையாட்டுகள் வீட்டாவுக்குக் கிடைத்தன.

அவற்றுள் சோல் சாக்ரிஃபைஸ் முதலிடம் பெறும். கெய்ஜி இனாஃபுனே உருவாக்கத்தில் 2013இல் வந்தது. அடுத்த ஆண்டு விரிவாக்கப்பட்ட டெல்டா பதிப்பும் வந்தது. இரண்டும் வீட்டாவைத் தாண்டி வேறெங்கும் போகவில்லை. ஆட்டக்காரர் ஒரு கூண்டுக்குள் அடைபட்டவர். மகுசார் என்னும் மந்திரவாதி வந்து பலியிடும் நாளை எதிர்நோக்கி இருப்பவர். கூண்டுக்குள் லிப்ராம் என்ற பேசும் நூல் ஒன்று கிடக்கிறது. எலும்பும் சதையும் ஒற்றைக் கண்ணும் கொண்ட நூல். அதன் பக்கங்களைப் படித்தால், முன்பு வாழ்ந்த ஒரு மந்திரவாதியின் போர்களுக்குள் நுழைந்துவிடுகிறோம். ஒவ்வொரு பேருருவும் ஏதோ ஓர் ஆசையால் உருமாறிய மனிதரோ விலங்கோதான். வீழ்த்திய பிறகு அந்த உயிர் பழைய வடிவில் தரையில் கிடக்கும். காப்பதா, பலியிடுவதா என்று அங்கே முடிவெடுக்க வேண்டும். காத்தால் நம் உயிர்வலு வளரும். பலியிட்டால் மந்திரவலு வளரும். போரில் வீழ்ந்த தோழரிடமும் இதே கேள்விதான் நிற்கும்.

இன்னும் ஒரு படி மேலே, தன் உடலையே பலியாகக் கொடுக்கும் கருஞ்சடங்குகள் உண்டு. தோலைக் கொடுத்து நெருப்பை எழுப்பினால், அதன் பிறகு வாங்கும் ஒவ்வோர் அடியும் கூடுதலாக வலிக்கும். கண்ணைக் கொடுத்தால், திரையில் காட்சியே மங்கிப்போகும். அந்த இழப்பு போர் முடிந்த பின்னும் தொடரும். அதை மீட்க வேண்டுமானால், லிப்ராமின் கண்ணில் திரளும் கண்ணீரைத் திரையில் விரலால் துடைத்துச் சேகரித்துச் செலவிட வேண்டும். தொடுதிரையை இவ்வளவு அடக்கமாகவும் இவ்வளவு பொருத்தமாகவும் பயன்படுத்திய இடம் எனக்கு வேறு தெரியவில்லை. வசதியைக் காட்டுவதற்காக அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. ஓர் அழும் கண்ணைத் துடைக்கிறோம், அவ்வளவே.

ஃப்ரீடம் வார்ஸ் இதே வழியில் 2014இல் வந்தது. பிறந்ததே குற்றம் என்று பத்து லட்சம் ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஒருவராக ஆட்டம் தொடங்கும். தொடக்கத்தில் உங்கள் அறைக்குள் சில அடிகள் கூடுதலாக நடந்தாலும் தண்டனை நீளும். இதைப் புதிய பதிப்பில் ஆடுவதில் எனக்கு மறுப்பில்லை. பெரிய திரையில் போர்கள் தெளிவாகத் தெரிகின்றன. வைப்அவுட் 2048 என்ற பந்தய விளையாட்டுக்கும் இது பொருந்தும். 2017இல் பிளேஸ்டேஷன் 4 தொகுப்பில் சேர்ந்தபோது அது இழந்தது ஒன்றுமில்லை, பெற்றதே மிகுதி. வேறு கருவிக்குப் போனாலே விளையாட்டு குறைந்துவிடும் என்பதை ஒரு விதியாகக் கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

காகிதக்கப்பல் (கேள்வி எழுப்பியவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. சோல் சாக்ரிஃபைஸ் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணீரைத் துடைக்கும் அந்த ஒரு செய்திக்காகவே அதை உடனே தேடத் தொடங்கிவிட்டேன். இணைய வழங்கிகள் (சர்வர்கள்) மூடப்பட்ட பிறகு ஆட முடியாமல் போனவை எவை என்பதையும், பதிவிறக்கக் கடை இன்னும் செயல்படுகிறதா என்பதையும் யாரேனும் தெளிவுபடுத்த இயலுமா? கில்ஸோன்: மெர்சினரி வாங்குவது இப்போது பயனுள்ளதா என்பதும் ஓர் ஐயம்.

மறுமொழி: விசைப்பலகை

கில்ஸோன்: மெர்சினரியைத் தயங்காமல் வாங்குங்கள். கெரில்லா கேம்பிரிட்ஜ் 2013இல் செய்த அந்தச் சுடுவிளையாட்டு, பிளேஸ்டேஷன் 3இல் ஓடிய கில்ஸோன் மூன்றாம் பாகத்தை இயக்கிய மென்பொருள் இயந்திரத்தையே கையடக்கக் கருவிக்குள் கொண்டுவந்தது. அதில் நாயகன் கொள்கைக்காகப் போரிடுபவன் அல்லன். கூலிக்குப் போரிடும் ஆரன் டேனர். ஒவ்வொரு செயலுக்கும் திரையில் பணம் ஏறும், அந்தப் பணத்தில்தான் அடுத்த ஆயுதம். இந்த அமைப்பினால், ஒரே களத்தை ஓசையின்றியும் ஆரவாரமாகவும் மறுபடி மறுபடி ஆட மனம் வருகிறது. பலர் சேர்ந்து ஆடும் இணையப் பகுதி 2022 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. தனியாக ஆடும் கதைப்பகுதி முழுமையாகவே இருக்கிறது. வேறு கருவிக்கு இது வரவே இல்லை.

லிட்டில்பிக்பிளானட் வீட்டா பதிப்பின் நிலைதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. டபுள் இலெவன், டார்சியர் ஆகிய குழுக்கள் செய்த அந்த விளையாட்டின் உயிர், ஆட்டக்காரர்கள் தாமே படைத்துப் பகிர்ந்த களங்களில் இருந்தது. 2021இல் வழங்கிகள் நிரந்தரமாக மூடப்பட்டபோது அந்தப் பகிர்வு நின்றுபோனது. படைப்பாளர்கள் செய்து தந்த கதைக்களங்கள் இன்றும் கிடைக்கும், அவை நன்றாகவும் இருக்கும். ஆனால் தொடுதிரைக்கென்று மக்கள் தாமாகக் கண்டுபிடித்த விசித்திர ஆட்டங்களை எந்த மறுபதிப்பும் திருப்பித் தரப்போவதில்லை. வேறு கருவிக்கு வராத விளையாட்டு என்பது எவ்வளவு நொய்ந்த நிலை என்பதை இதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்: கருவி ஓய்ந்தால் அதுவும் ஓய்கிறது.

செய்தவர்களும் இன்று இல்லை என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். யூனிட் 13 என்ற வீட்டா விளையாட்டைச் செய்த ஜிப்பர் இண்டராக்டிவ், விளையாட்டு வெளியான அதே 2012 மார்ச் மாதத்திலேயே மூடப்பட்டது. வைப்அவுட் 2048 செய்த ஸ்டூடியோ லிவர்பூல் அதே ஆண்டு ஆகஸ்டில். கெரில்லா கேம்பிரிட்ஜ் 2017 ஜனவரியில். எனவே இவற்றில் மறுபதிப்பு வராதவற்றுக்கு இனிமேல் வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை என்றே கருதுகிறேன். இருக்கும் கருவியில் ஆடிவிடுவதே முறை.

கடையைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்டில் மூடப்போவதாக முதலில் அறிவித்த சோனி, எதிர்ப்பு வலுத்ததால் அதே ஆண்டு ஏப்ரலில் வீட்டாவுக்கான முடிவைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், கருவியிலிருந்தே கடனட்டை மூலம் பணம் செலுத்த முடியாது. இணையத்திலோ புதிய கன்சோலிலோ கணக்கில் பணம் ஏற்றிவிட்டு, அதை வீட்டாவில் செலவிட வேண்டும். கடை திறந்திருந்தாலும், முடிந்தவரை விளையாட்டு பதிந்து வரும் கேம் அட்டைகளாகவே வாங்குங்கள் என்பேன். வீட்டாவுக்கென்றே செய்யப்பட்ட நினைவக அட்டைதான் இதில் பொருந்தும். அதிலும் 64 ஜிபிதான் உச்சம். பதிவிறக்கங்களால் அது விரைவில் நிறைந்துவிடும். பழைய நினைவக அட்டையை வாங்கினால், சேமிப்புகளை எழுதிப் படித்துச் சோதித்த பிறகே நம்புங்கள். உங்களிடம் இருப்பது 2013இல் வந்த மெலிந்த இரண்டாம் பதிப்பானால், அதில் எல்சிடி திரையும் 1 ஜிபி உள்நினைவகமும் இருக்கும். சேமிப்புகளுக்கு அதுவே போதும், ஆனால் நினைவக அட்டையைச் செருகிவிட்டால் உள்நினைவகத்தைப் பயன்படுத்த முடியாது. வீட்டாவின் விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் ஆடலாம் என்று பிளேஸ்டேஷன் டிவி என்ற சிறு பெட்டியை எவரேனும் பரிந்துரைத்தால், அதற்கு மயங்க வேண்டாம். டேரவேயும் கிராவிட்டி ரஷ்ஷும் அதில் ஓடாது.

மறுமொழி: நடுநிசிவாசகன்

கருங்குவளை அவர்கள் வேட்டை விளையாட்டுகளைப் பற்றி எழுதியதை நானும் வழிமொழிகிறேன். அதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சோல் சாக்ரிஃபைஸில் அருகருகே இருக்கும் கருவிகள் நேரடியாக இணைந்துகொள்ளும் வசதி இருப்பதால், எந்த வழங்கி மூடப்பட்டாலும் நால்வர் சேர்ந்து ஆடுவது நிற்காது. வீட்டா வைத்திருக்கும் நண்பர் ஒருவராவது கிடைத்தால், அவரோடு சேர்ந்தே தொடங்குங்கள். வீழ்ந்து கிடக்கும் தோழர் கணினி இயக்கும் பாத்திரமாக இல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒருவராக இருக்கும்போது, காப்பதா பலியிடுவதா என்ற கேள்வியின் கனமே வேறாகிவிடும்.

வரிசையைக் கேட்டிருந்தீர்கள். முதலில் டேரவே. அதைப் பகல் வெளிச்சம் உள்ள இடத்தில் ஆடுங்கள். வீட்டாவின் கேமராக்கள் மங்கிய ஒளியில் மிகவும் தடுமாறும், சூரியனில் உங்கள் முகமும் தெளியாது, கலைமானின் தோலும் கறுத்துப்போகும். அடுத்து கிராவிட்டி ரஷ், பிறகு சோல் சாக்ரிஃபைஸ். டெல்டா பதிப்பு முதல் பதிப்பின் உள்ளடக்கத்தையும் தன்னுள் கொண்டிருப்பதால், நேரே அதற்கே போகலாம். நான்காவதாக கில்ஸோன். கோல்டன் அபிஸை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்; அந்த ஓலை வரும் அத்தியாயத்துக்குள் நுழையும்போது மட்டும், அருகில் ஒரு விளக்கு எரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.